பத்தொன்பது வினாடி

மன்னிக்கணும் சார். அந்த மணிச் சத்தம் என் பையிலிருந்துதான் வருது. பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் அடிக்குது. அம்பையில் ஏறினதிலிருந்து பதினோரு தடவை அடிச்சாச்சு. முன் சீட்டு அம்மா நாலு தடவை திரும்பிப் பார்த்துட்டாங்க. கோயில் மணின்னு நினைச்சிருப்பாங்க. கோயில் மணி இல்லை சார். பட்டிமன்றத்து மணி. பேசுறவருக்கு நேரம் முடிஞ்சதுன்னு சொல்ற மணி.

சாதாரணமா நான் பக்கத்து சீட்டுக்காரரோட பேசுற ஆள் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா இறங்குற இடம் வரைக்கும் அப்படியே வருவேன். இன்னைக்கு அப்படி இருக்க முடியாது. கடையநல்லூரில் ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் நடுவில் நான் பேசியாகணும். எனக்கு வயசு எழுபத்தொண்ணு. இதுவரைக்கும் நாலு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்ததில்லை. அதான் அங்கே போறதுக்கு முன்னாடி யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிடலாம்னு. நீங்க ராஜபாளையம் டிக்கெட் வாங்கினதைப் பார்த்தேன். எனக்கு முன்னாடி இறங்க மாட்டீங்க.

விஷயம் என்னன்னா, என் சிநேகிதர் மசூது பாய் மகள் கல்யாணப் பேச்சு நின்னு போச்சு. நின்னதுக்குக் காரணம் இஸ்ரேல் அரசாங்கம். சிரிக்காதீங்க சார். நிஜமாத்தான் சொல்றேன்.

என் பேரு ஆவுடைநாயகம். படிப்பு எட்டாம் வகுப்பு. நூல் மில்லில் டைம் ஆபீஸில் முப்பத்து மூணு வருஷம் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான், அதைப் பார்த்து எழுதுறது வேலை. எங்க மில் காலனியில் ஒரு படிப்பகம் உண்டு. மாசத்தில் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே பட்டிமன்றம். இருபத்திரண்டு வருஷமா நடக்குது. கொரோனாவில் பதினைஞ்சு, தேர்தல் வந்து ரெண்டு, அதைக் கழிச்சா இருநூற்று நாற்பத்தேழு. அத்தனைக்கும் மணி அடிச்சது நான். ஆளுக்கு எட்டு நிமிஷம். ஏழாவது நிமிஷம் முடிஞ்சதும் ஒரு அடி. எட்டு முடிஞ்சதும் ரெண்டு அடி. ரெண்டு அடி விழுந்தா வாக்கியம் பாதியில் நின்னாலும் உட்கார்ந்திரணும். ஒரு தடவை ஒரு எம்.எல்.ஏ.வையே உட்கார வச்சிருக்கேன். அவர் அப்போதான் "நான் இங்கே அரசியல் பேச வரவில்லை" என்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தப் பக்கம் பேசணும்கிறதைப் பேசுறவர் முடிவு பண்ண முடியாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். விழுந்த பக்கம் பேசணும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேசினாங்க. மூணாவது பட்டிமன்றத்தில் ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாற்காலி ரெண்டு உடைஞ்சது. அப்புறம்தான் சீட்டு. இந்த விதியைக் கொண்டு வந்ததே மசூது பாய்தான். "மாசத்துக்கு ஒரு நாள் அடுத்தவன் வாயால பேசிப் பாப்போம். பல்லு ஒண்ணும் விழுந்துராது"ன்னார். அவர் பேச்சே அப்படித்தான். மில்லில் ஃபிட்டர். மெஷினையும் கேலி பண்ணுவார், மேனேஜரையும் கேலி பண்ணுவார். என்னை ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் டீக்கடைக்கு நான் வந்தா, கடைக்காரர்கிட்டே, "ஆறு பத்து ஆயிட்டு. கடிகாரத்தைத் திருப்பி வையும், அண்ணாச்சி வந்தாச்சு"ன்னு சொல்லுவார். எனக்குக் கோபம் வராது. ஆறு பத்துக்குத்தான் போவேன்.

போன தடவைக்கு முந்தின தடவை தலைப்பு என்னன்னு கேளுங்க. "காசாவில் இஸ்ரேல் அரசு நடத்துவது தர்மமா, அதர்மமா?" எங்க நடுவர் திரவியம் சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வச்ச தலைப்பு. எனக்கு அது வேண்டாம்னு இருந்தது. சொல்லலை. மணி அடிக்கிறவன் தலைப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

ரெண்டே சீட்டு. எழுதினது நான். ஒரே அளவில் கிழிச்சு, நாலா மடிச்சு, டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். மசூது பாய் எடுத்தார். பிரிச்சுப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. 'தர்மமே'ன்னு இருந்தது. அப்போ இன்னொரு சீட்டு எபநேசருக்கு. எபநேசர் யாருன்னு சொல்லணும். மின்வாரியத்தில் லைன்மேனா இருந்து ஓய்வு பெற்றவர். பெந்தெகொஸ்தே சபைக்காரர். அவங்க சபையில் வாரா வாரம் இஸ்ரேலுக்காக ஜெபம் பண்ணுவாங்க. அவர் ஸ்கூட்டர் முன்னாடி எருசலேம் படம் ஒட்டியிருப்பார். அவர் கையில் 'அதர்மமே'.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ரெண்டு பேரும் என்கிட்டே வந்தாங்க.

"அண்ணாச்சி, மாத்திக்கிடுதோம்"னார் மசூது பாய். "எனக்கும் சம்மதம், அவருக்கும் சம்மதம்."

"சீட்டு விழுந்தா விழுந்ததுதான் பாய்."

"கர்த்தர்மேல சத்தியமா எனக்கு ஆட்சேபணை இல்லை அண்ணாச்சி"ன்னார் எபநேசர்.

"கர்த்தர் சீட்டு எழுதலை. நான் எழுதினேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மசூது பாய் சிரிச்சார். "எல்லாருக்கும் ஒரே விதின்னு சொல்லுத ஆள் கையிலதான் எப்பவும் மணி இருக்கு, பாத்தீரா எபநேசர்?"ன்னார். கேலிதான். நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

அப்புறம் பேசினார் சார். எனக்கு இருநூற்று நாற்பத்தேழும் ஞாபகம் இருக்கு. அதில் முதல் மூணுக்குள் அந்தப் பேச்சை வைப்பேன். வேண்டா வெறுப்பா ஒப்பிச்சுட்டு உட்காருவார்னு எல்லாரும் நினைச்சோம். அவர் அப்படிச் செய்யலை. எடுத்த வேலையை ஒழுங்காச் செய்யணும்கிற ஃபிட்டர் புத்தி. ஐரோப்பாவில் ஊர் ஊரா அந்த ஜனங்களைத் துரத்தினதைச் சொன்னார். அறுபது லட்சம் பேரைக் கொன்னதைச் சொன்னார். "உலகத்தில் எங்கே போனாலும் வாசல்ல நிக்க வச்ச ஒரு கூட்டத்துக்குச் சொந்தமா ஒரு கதவும் பூட்டும் வேணும்னு தோணினது தப்பா?"ன்னு கேட்டார். அக்டோபர் ஏழாம் தேதி ஒரே காலையில் ஆயிரத்து இருநூறு பேரை, ஆட்டம் பாட்டம்னு இருந்த பிள்ளைகளை, தூங்கி எழுந்த கிழவிகளைக் கொன்னதைச் சொன்னார். இருநூற்று ஐம்பது பேரைத் தூக்கிட்டுப் போனதைச் சொன்னார். "உம்ம மகளைத் தூக்கிட்டுப் போயி ஒரு வீட்டுக்கு அடியில வச்சிருக்கான். அந்த வீட்டு மேல மாடியில அவன் குடும்பம் இருக்கு. இப்ப நீரு அரசாங்கம். என்ன செய்வீரு? தாலுகா ஆபீசுல மனுவா எழுதிக் குடுப்பீரு?" இப்படிக் கேட்டார். பள்ளிவாசல் தெருக்காரங்க பின்வரிசையில் ஒன்பது பேர். ஒருத்தரும் அசையலை.

ஏழு நிமிஷம். ஒரு அடி அடிச்சேன். அந்த வாக்கியத்தை முடிச்சார். தண்ணி குடிச்சார். கையில் குறிப்பு எழுதின காகிதம் இருந்தது, அதை மடிச்சுச் சட்டைப் பையில் வச்சார். கண்ணாடியைக் கழற்றிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "இனி..."ன்னார். நான் ரெண்டு அடி அடிச்சுட்டேன்.

எட்டு நிமிஷம், பூஜ்யம் வினாடி. நோட்டில் இருக்கு. இதோ, இந்த நோட்டுதான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வாக்கியம்"னார்.

"நேரம் முடிஞ்சது பாய்."

என்னைப் பார்த்தார். உட்கார்ந்துட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் செஞ்சதில் தப்பு ஏதும் இருக்கா சொல்லுங்க. எம்.எல்.ஏ.வுக்கு அடிச்ச மணி பாய்க்கு அடிக்கக் கூடாதா?

அடுத்தது எபநேசர். அவர் நல்ல பேச்சாளர்னு சொல்ல முடியாது. இழுத்து இழுத்துப் பேசுவார். அன்னைக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சார். ஆயுதம் எடுத்தவன் செஞ்சது பாவம், அதை நான் நியாயப்படுத்த வரலைன்னார். ஆனா ஒருத்தன் செஞ்ச பாவத்துக்கு ஒரு ஊருக்கே மாவு லாரியை நிறுத்தி வைக்கிறது எந்த வேதத்தில் இருக்குன்னு கேட்டார். பல்லாயிரக்கணக்கில் ஜனங்க செத்திருக்கு, அதில் எத்தனை தொட்டில் பிள்ளைன்னு கேட்டார். இதெல்லாம் பேப்பரில் வர்றதுதான். அப்புறம் ஒண்ணு சொன்னார். ஆறேழு வருஷம் முன்னாடி சபைக்காரங்களோட புனிதப் பயணம் போனவர் அவர். பெத்லகேமில் ஒரு கடை. ஒலிவ மரத்தில் சிலுவை செதுக்கி விக்கிற கடை. கடைக்காரரும் கிறிஸ்தவர், அந்த ஊர்க்காரர். எபநேசர் அவர்கிட்டே, "கொடுத்து வச்சவர் ஐயா நீங்க, ஈஸ்டருக்கு எருசலேம் கோயிலுக்குப் போயிருவீங்க"ன்னு சொல்லியிருக்கார். அவர் சிரிச்சிருக்கார். எருசலேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நம்ம அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி தூரம். நடுவில் சுவர். சுவரில் ஒரு கேட். அனுமதிச் சீட்டு இருந்தா போகலாம். எட்டு ஈஸ்டரா அவருக்குச் சீட்டு வரலை. ஒரு வருஷம் சம்சாரத்துக்கு வந்துச்சு, அவருக்கு வரலை. இன்னொரு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்துச்சு, தாய் தகப்பனுக்கு வரலை.

"கடல் தாண்டிப் போன என்னை ரெண்டு நிமிஷத்துல உள்ளே விட்டான். அந்த ஊர்ல பிறந்தவரை விடலை. கேட்டுல நின்ன பையன் கெட்டவன் இல்லை. மரியாதையாத்தான் பேசினான். விதி அப்படின்னான்"னு சொன்னார் எபநேசர். "நான் ஊருக்கு வந்து சபையில சாட்சி சொன்னேன். ஆத்துத் தண்ணியைப் பத்திச் சொன்னேன், மலையைப் பத்திச் சொன்னேன். இவரைப் பத்திச் சொல்லலை. இன்னைக்குச் சீட்டு விழுந்ததால சொல்லுதேன்." அப்புறம் அழுதுட்டார்.

எனக்கு எதுக்கோ மில் கேட் ஞாபகம் வந்துட்டு. சம்பந்தமே இல்லை. இருந்தாலும் வந்தது, சொல்லிடறேன்.

இருபத்தேழு வருஷம் முன்னாடி, பகல் ஷிஃப்ட். மசூது பாய் சம்சாரத்துக்குப் பிரசவ வலின்னு ஆள் வந்து சொன்னான். அவர் வேலையை அப்படியே போட்டுட்டு கேட்டுக்கு ஓடி வந்தார். ஷிஃப்ட் நடுவில் வெளியே போகணும்னா கேட் பாஸ் வேணும். ஸ்பின்னிங் மாஸ்டர் கையெழுத்து வேணும். மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். நான் என்ன செய்ய முடியும்? "உட்காரும் பாய், மாஸ்டர் வரட்டும்"னேன். உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். தண்ணிகூடக் கொடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளே பிள்ளை பிறந்துட்டு. அவங்க வழக்கத்தில் பிறந்த பிள்ளை காதில் பாங்கு சொல்லணும். தகப்பன் சொல்லணும்னு ஆசைப்பட்டிருந்தார். அவர் மாமனார் சொல்லி முடிச்சிருந்தார்.

அவர் அதுக்காக என்கிட்டே ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. இன்னைக்கு வரைக்கும் கேலிதான். "என் மகள் முதல்ல கேட்டது மாமனார் குரல். அதனாலதான் நான் சொல்லுதது ஒண்ணும் அவ காதுல ஏற மாட்டேங்கு. எல்லாம் ஆவுடை அண்ணாச்சி புண்ணியம்"பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அந்தப் பிள்ளைதான் ஜெரினா. இப்போ கல்யாணப் பேச்சு நின்னு கிடக்கிறது அவளுக்குத்தான்.

சரி, அது வேற கணக்கு. எங்கே விட்டேன்? எபநேசர் அழுதார். திரவியம் சார் என்னைப் பார்த்து இருமினார். நான் வாட்சைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம் நாற்பது வினாடி. ஒரு அடியும் அடிக்கலை, ரெண்டு அடியும் அடிக்கலை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்த வெளிச்சத்தில் வாட்ச் சரியாத் தெரியலைன்னு நினைக்கிறேன். டியூப்லைட் ஒண்ணு அன்னைக்கு எரியலை. நோட்டில் அப்படியேதான் எழுதி வச்சிருக்கேன். பதினொண்ணு நாற்பது. திருத்தலை. அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

தீர்ப்பு என்ன தெரியுமா? மசூது பாய் பக்கம். "கொண்ட கருத்து வேறு, கொடுத்த வேலை வேறு என்று பிரித்துப் பேசிய நேர்த்திக்காக"ன்னு சொன்னார் திரவியம் சார். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பாய் அதை நாற்காலியிலேயே வச்சுட்டுப் போயிட்டார். என் வீட்டில் பத்திரமா இருக்கு.

இதோட முடிஞ்சிருக்கணும். எலக்ட்ரிக் கடை குமரேசன்னு ஒருத்தர் எல்லாப் பேச்சையும் போனில் எடுப்பார். இருபத்தேழு பட்டிமன்றமா எடுக்கிறார். என் மணி ரெண்டு அடி விழுந்தா போனை நிறுத்திடுவார். பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். அது எல்லாருக்கும் பழக்கம். அன்னைக்கும் "இனி..." டங், டங். நிறுத்திட்டார். மசூது பாய் பேச்சை மட்டும் படிப்பகம் குரூப்பில் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார், பரிசு வாங்கின பேச்சுன்னு. அது பள்ளிவாசல் தெருவுக்குப் போய், அங்கேயிருந்து துபாய்க்குப் போய், துபாயிலிருந்து கடையநல்லூருக்கு வந்துட்டு. அதில் சீட்டும் இல்லை, டம்ளரும் இல்லை. ஒரு பாய் நின்னு இஸ்ரேல் செய்றது தர்மம்னு ஏழு நிமிஷம் பேசுறார். அவ்வளவுதான் இருக்கு.

ஊரில் கேலி. அவர் இத்தனை வருஷமா மற்றவங்களைக் கேலி பண்ணினதுக்கெல்லாம் சேர்த்து வாங்கிட்டார். மீன்காரம்மா, "டெல் அவிவ் பாய், நெத்திலி போடவா?"ன்னு கேக்குது. எபநேசருக்கும் விடிவு இல்லை. அவங்க சபையில் அவருக்கு "ஹாஜியார்"னு பேரு. பாஸ்டர் அவருக்காக மூணு நாள் உபவாச ஜெபம் வச்சார். எபநேசர் தானும் போய் உட்கார்ந்து தனக்காக ஜெபம் பண்ணிட்டு வந்தார். என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை. நான் ரெண்டு பக்கமும் சேராத ஆள்.

மசூது பாய் மட்டும் டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்கார ஆரம்பிச்சார். இன்னையோட முப்பத்தாறு நாள். கேலியே இல்லை சார். நான் ஆறு பத்துக்கு வந்தாலும் ஒண்ணும் சொல்றதில்லை. ஒரு நாள் வேணும்னே ஆறு இருபதுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பவும் ஒண்ணும் சொல்லலை.

பன்னிரண்டு நாள் முன்னாடி எபநேசர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, பாய் மகள் காரியம் நின்னு போச்சு"ன்னார். மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, பிள்ளைக்கும் பிடிச்சிருக்கு. மாப்பிள்ளையோட பாட்டனார் உதுமான் சாயிபுதான் அந்த வீட்டில் எல்லாம். அவர் வீடியோவைப் பார்த்துட்டு, "நாளைக்கு என் கொள்ளுப்பேரனை மடியில வச்சுக்கிட்டு அந்த மனுசன் என்ன சொல்லிக் கொடுப்பாரு?"ன்னு கேட்டாராம். எபநேசர் தானாவே கடையநல்லூர் போய் நடந்ததைச் சொல்லியிருக்கார். பாட்டனார் பொறுமையாக் கேட்டுட்டு, "எதிர்த்துப் பேசினவர் நீங்க. சிநேகிதத்துக்காக ஒண்ணைக் கூட்டிச் சொல்லலாம். அங்கே ரெண்டு பக்கமும் சேராத ஆள் ஒருத்தர் இருந்திருப்பாரே, நேரம் பார்க்கிறவரு. அவர் வரட்டும். அவர் சொன்னா எடுத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டார்.

பார்த்தீங்களா சார். முன்னப்பின்னத் தெரியாத மனுஷர். சரியாச் சொல்லிட்டார்.

எபநேசரும் மசூது பாயும் காலையில் ஆறரை பஸ்ஸில் போயிட்டாங்க. "கூட வாங்க அண்ணாச்சி"ன்னு எபநேசர் கூப்பிட்டார். நான் முடியாதுன்னுட்டேன். சாட்சி சொல்றவன் கட்சிக்காரரோட ஒரே பஸ்ஸில் வரக் கூடாது. என் டிக்கெட்டையும் நானே எடுத்தேன். சாட்சிக்கு நோட்டு. ரெண்டு சீட்டும் பத்திரமா இருக்கு, என் கையெழுத்துதான், நோட்டில் ஒட்டியிருக்கேன். மணியும் கொண்டு போறேன். வீடியோக் கடைசியில் கேக்குற சத்தம் இந்த மணிச் சத்தம்தான்னு அடிச்சுக் காட்டணும். அப்போதான் பேச்சு தானா முடியலை, மணியாலே நின்னதுன்னு பாட்டனாருக்கு விளங்கும். எட்டு நிமிஷத்துக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வச்சிருக்கேன். இப்போ உங்ககிட்டே சொன்னதுதான். கொஞ்சம் கூடிப்போச்சு.

தென்காசி வந்துட்டா? பத்து நிமிஷம் நிப்பான். டீ வேணுமா சார்? வேண்டாமா. சரி.

என் சொந்தக் கருத்தா? நல்லாக் கேட்டீங்க. எனக்குக் கருத்து கிடையாது. நான் நேரம் பார்க்கிறவன்.

இல்லை, ஒண்ணு சொல்லலை. பஸ் கிளம்பட்டும், சொல்றேன்.

நேற்றுச் சாயங்காலம் நானே மசூது பாய் வீட்டுக்குப் போனேன். முப்பத்தஞ்சு நாளுக்கு அப்புறம். ஜெரினா கதவைத் திறந்தாள். "வாங்க பெரியப்பா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாள். முகம் வாடித்தான் இருந்தது. பாய் நாற்காலியைக் காட்டினார்.

"நாளைக்கு வர்றேன் பாய். நோட்டைக் கொண்டு வர்றேன்."

"நோட்டுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"உங்க பேச்சு எட்டு நிமிஷம், பூஜ்யம் வினாடி."

அவர் போனை எடுத்தார். "உங்க வாட்சைப் பிடிங்க"ன்னார். வீடியோவைக் கடைசிக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டார். ஒரு அடி கேட்டது. "இங்கேயிருந்து எண்ணுங்க." வாக்கியத்தை முடிக்கிறார். தண்ணி குடிக்கிறார். காகிதத்தை மடிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுறார். "இனி..." டங், டங்.

நாற்பத்தொரு வினாடி சார். அறுபது இருக்கணும்.

"போன் கடிகாரம் வேற, என் கடிகாரம் வேற பாய்"னேன்.

"போனை யாரு பாத்தா? உங்க வாட்சைத்தானே பாத்தீங்க"ன்னார்.

மறுபடி போடச் சொன்னேன். நாற்பத்தொண்ணு. மூணாந் தடவையும் நாற்பத்தொண்ணு.

"பத்தொன்பது வினாடியில என்ன பாய் பேசிர முடியும்?"னு கேட்டேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"எனக்கு ஒரு வாக்கியம்தானே அண்ணாச்சி பாக்கி இருந்தது. பத்தொன்பது போதும். மிச்சமே இருந்திருக்கும்."

"என்ன வாக்கியம்?"

அப்போதான் சார், முப்பத்தஞ்சு நாளுக்கு அப்புறம் லேசாச் சிரிச்சார். "அதைக் கேக்கணும்னா நீங்களும் ஒரு சீட்டு எடுக்கணும்"னார்.

ராத்திரி நான் யோசிச்சுப் பார்த்தேன். அன்னைக்கு அவர் காகிதத்தை மடிச்சதை நான் பார்த்தேன். மடிச்ச உடனேயே தெரிஞ்சுட்டு, இனி வர்றது சீட்டுப் பேச்சு இல்லை, சொந்தப் பேச்சுன்னு. பின்வரிசையில் ஒன்பது பேர் பள்ளிவாசல் தெரு. இடது பக்கம் எபநேசர் சபைக்காரங்க ஆறு பேர். உடைஞ்ச நாற்காலி ரெண்டும் என் கண்ணில் வந்தது. எதுக்கு வம்புன்னு இருந்தது. கை தானா மணியை எடுத்துட்டு. வாட்சை நான் பார்க்கவே இல்லை சார். பார்க்காமலே நோட்டில் எட்டு, பூஜ்யம்னு எழுதினேன். வேற எப்படி எழுதுவேன்? எல்லாருக்கும் எட்டுதானே.

இப்போ இந்த நோட்டை அந்தப் பெரியவர் முன்னாடி பிரிச்சா, ஒரு பக்கத்தில் எட்டு பூஜ்யம்னு இருக்கு, அடுத்த பக்கத்தில் பதினொண்ணு நாற்பதுன்னு இருக்கு. ரெண்டாவது நிஜம். முதலாவது... அவர் போனில் எண்ணிப் பார்த்தா தெரிஞ்சுரும். பார்க்க மாட்டார்னுதான் நினைக்கிறேன். ரெண்டு பக்கமும் சேராத ஆள் சொன்னா எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கார். எட்டு பூஜ்யம்னு வாசிச்சாலும் கல்யாணம் நடந்துரும். சீட்டு இருக்கு, மணி இருக்கு, அதுவே போதும். மசூது பாயும் வாயைத் திறக்க மாட்டார். இருபத்தேழு வருஷமா அவர் அந்த கேட் பாஸ் விஷயத்தைக் கேலியாத்தானே வச்சிருக்கார்.

இடைகால் தாண்டிட்டோமா? அப்போ அடுத்தது கடையநல்லூர்.

சார், ஒரு உபகாரம். இந்த வாட்சைப் பிடிங்க. நான் சொன்னதும் பத்தொன்பது வினாடி எண்ணிட்டுச் சொல்லுங்க. நான் பார்க்க மாட்டேன். எவ்வளவு நேரம்னு பேசாமல் இருந்து பார்க்கணும், அவ்வளவுதான். ஆரம்பிங்க.

...

ஆச்சா? பார்த்தீங்களா. கண்டக்டர் பின்னாலேயிருந்து முன்னாடி வரைக்கும் வந்து அந்த அம்மாவுக்குச் சில்லறை கொடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டார். ஒரு செங்கல் சூளை போச்சு. ரெண்டு ஸ்கூட்டர் நம்மைத் தாண்டிருச்சு. நான் நடுவில் முடிஞ்சுருக்கும் முடிஞ்சுருக்கும்னு ரெண்டு தடவை நினைச்சேன். இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது சார். மில் கேட்டில் அவர் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிஷத்தையே நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

வாட்சைக் கொடுங்க. அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா? பஸ் ஆடுது, பரவாயில்லை. எட்டு பூஜ்யத்தை அடிச்சுட்டு ஏழு நாற்பத்தொண்ணுன்னு எழுதிட்டேன். பக்கத்தில் கையெழுத்து. அடிச்சு எழுதினா கையெழுத்துப் போடணும், டைம் ஆபீஸ் விதி.

அதோ, பஸ் ஸ்டாண்ட் வாசலில் எபநேசர் நிக்கிறார். பக்கத்தில் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறது மசூது பாய். வாட்சைக் காட்டி ஏதோ சொல்றார். பஸ் பன்னிரண்டு நிமிஷம் லேட். அதைத்தான் கேலி பண்றார்னு நினைக்கிறேன். அப்படித்தான் இருக்கணும்.

இந்தக் காகிதத்தை நீங்களே வச்சுக்கோங்க சார். எட்டு நிமிஷத்துக்கு எழுதினது. எனக்கு இனி வேண்டாம். நான் அங்கே சொல்ல வேண்டியதுக்குப் பத்தொன்பது வினாடி போதும்.